வெந்நீருக்குப் பயந்த அக்கா

பிள்ளை பெற்றவர்களைக் குளிப்பாட்டுவதுதான் அந்த அக்காவின் பிழைப்பு. பிழைப்பே வெந்நீர். அந்த வெந்நீருக்கு அவளைப் போலப் பயந்த ஒருத்தியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

காலை ஆறரைக்கு வருவாள். புளியிலையும் பலாவிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்த வேதுவெள்ளத்தை வாளியில் விளாவிவிட்டு, முதலில் முழங்கையை உள்ளே விடுவாள். அடுத்து மணிக்கட்டின் உள்பக்கம். அடுத்து ஒரு கை அள்ளித் தன் கழுத்திலேயே ஊற்றிக்கொள்வாள். மூன்றும் ஒத்துவந்தால்தான் என் காலில் ஒரு செம்பு ஊற்றுவாள். ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

"சூடுண்டா மோளே?"

"இல்லக்கா, சரியாத்தான் இருக்கு."

"சத்தியமாட்டு?"

"சத்தியமா."

அப்படியும் நம்பமாட்டாள். மறுபடியும் முழங்கையை விடுவாள். அதற்குள் தண்ணீர் ஆறிப்போயிருக்கும். அடுப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து ஊற்றுவாள். உடனே முழங்கை, மணிக்கட்டு, கழுத்து என்று முதலிலிருந்து தொடங்கும். கதவுக்கு வெளியே நிற்கும் என் மாமியாருக்குப் பொறுமை போய்விடும்.

"ஏளா, நீ பிள்ள பெத்தவளக் குளிப்பாட்ட வந்தியா, பாயசத்துக்குப் பதம் பாக்க வந்தியா?"

"பேடியா இருக்கு அம்மா" என்பாள் அக்கா. பேடி என்றால் இந்த ஊரில் பயம். பயப்படுவதைச் சொல்ல மற்றவர்களுக்கெல்லாம் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். இவளுக்கு அந்தக் கூச்சமே கிடையாது.

நாங்கள் இருந்தது திருவனந்தபுரம் ஆரியசாலையில். முன்பக்கம் என் கணவர் வீட்டாரின் மிளகாய் மொத்தக்கடை, பின்பக்கம் வீடு. நான் சங்கரன்கோவில் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் முறை. ஆனால் அப்போது என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். அதனால் இங்கேயே என்று ஆகிவிட்டது. வலி வந்து ஒரு பகலும் ஒரு இரவும் ஆன பிறகு, பிள்ளையின் துடிப்பு இறங்குகிறது என்று சொல்லி வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை. அவள் அழுதாள், நான் அழுதேன், தெருவிலுள்ள கடைகளுக்கெல்லாம் லட்டு போனது.

தையல் பிரித்த பிறகும் எனக்கு ஒரு வலி மிஞ்சி நின்றது. தழும்பின் இடது முனையில், ஒரு விரல் அகலத்துக்குள். சும்மா கிடந்தால் இருக்காது. புரண்டால், இருமினால், எதையாவது தூக்கினால், அந்த இடத்திலிருந்து தொடை வரைக்கும் கரண்ட் அடிக்கும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவர்களுக்குத் தெரியும், அடித்த அடியைவிட அடுத்தது எப்போது என்கிற திகில்தான் பெரிது. இதில் இன்னொரு வேடிக்கை, அந்த இடத்தைச் சுற்றி உள்ளங்கையளவுக்குத் தோல் மரத்துக் கிடந்தது. கிள்ளினாலும் தெரியாது. மரத்த தோலுக்கு நடுவில் இவ்வளவு வலி எப்படி வரும் என்று யோசித்து யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். உள்ளே எதையோ வைத்துத் தைத்துவிட்டார்கள். எப்போதோ பத்திரிகையில் படித்ததுதான். கண்ணை மூடினால் என் வயிற்றுக்குள் ஒரு கத்தரி வாயைத் திறந்து திறந்து மூடும்.

ஆபரேஷன் செய்த டாக்டர் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்லை என்றார். ஸ்கேனிலும் ஒண்ணுமில்லை. ஸ்கேனில் எல்லாமா தெரியும் என்று என் பயம் கேட்டது. "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாருல்லா" என்றார் என் கணவர். "நான் நாலு பெத்தேன், ஒண்ணுமில்ல" என்றாள் மாமியார். ஊரிலிருந்து அம்மா போனில், "ஒண்ணுமிருக்காதுளா, தைரியமா இரு" என்றாள். ஒண்ணுமில்லை என்கிற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

இப்படி ஒரு வீட்டுக்குத்தான் அக்கா வந்து சேர்ந்தாள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். பிறந்தது வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்துக்கு இலை பறிக்க வந்த தமிழ்க் குடும்பம். கட்டிக்கொடுத்தது சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில். பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். ஒல்லியான உடம்பு, தோளில் எப்போதும் ஒரு துவர்த்து, ஈரம் துடைக்கிற துண்டு.

பிரசவம் ஆனவளுக்கு இங்கே வெந்நீரை வயிற்றில் ஓங்கி அடித்து ஊற்றுவார்கள். பிறகு நாலு முழ முண்டுத் துணியை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். வயிறு உள்ளே போகத்தான். சுகப்பிரசவத்துக்கு உள்ள முறை அது. தையல் பிரித்தாயிற்று, இனி எல்லா வயிறும் ஒரே வயிறுதான் என்பது என் மாமியாரின் கணக்கு.

"அடிச்சு ஊத்துளா. தொந்தியும் தொப்பையுமா நின்னா நல்லாவா இருக்கும்?"

அக்கா அடித்து ஊற்றவில்லை. முண்டுத் துணியும் கட்டவில்லை. மறுப்பாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, மாமியாருக்குக் கேட்கட்டும் என்று செம்புத் தண்ணீரைத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அந்தச் சத்தத்தில் எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் கரண்ட் அடித்து, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "எங்க?" என்று கேட்டாள். அந்த மூன்று வாரத்தில் என்னை எங்கே என்று கேட்ட முதல் ஆள் அவள்தான்.

மறுநாள் குளிக்குமுன் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, என் கண் மேல் துவர்த்தைப் போட்டாள். பிள்ளைக்கு வைத்திருந்த கண்மைச் சிமிழை எடுத்துக்கொண்டாள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் விளிம்பால் என் வயிற்றை மெல்லத் தொட்டாள்.

"அறியுதா?"

"ஆமா."

"இப்ப?"

"ஆமா."

"இப்ப?"

"தொடுங்க, சொல்லுறேன்."

"தொட்டாச்சு மோளே" என்றாள்.

துவர்த்தை எடுத்துப் பார்த்தேன். என் வயிற்றில் கருப்பாக, கோணல்மாணலாக ஒரு வட்டம். மரத்த இடத்தின் எல்லை. அதற்குள்ளே, வலிக்கிற இடத்தில் ஒரு பொட்டு.

"எக்கா, என் வயிறு என்ன சிலேட்டா?" என்று கத்தினேன்.

"கோபிக்காண்டாம். நீ சூடில்லன்னு சொல்லுவே, நான் ஊத்துவேன். உன் தோலு பொய் சொல்லும். நீ அல்ல, தோலு."

அந்த வட்டத்துக்குள் அவள் ஒரு நாளும் வெந்நீர் ஊற்றவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் துடைத்தெடுப்பாள். திங்கட்கிழமைதோறும் பழைய மைக்கோட்டை எண்ணெய் தொட்டு அழித்துவிட்டுப் புதிதாக வரைவாள். வரைந்து விரலால் அளப்பாள். "போன ஆழ்ச்ச நாலு விரலு. இப்ப மூணரை." எழுதப் படிக்கத் தெரியாதவள். எல்லாம் மனதில்தான்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் முதுகுக்கு எண்ணெய் தேய்க்கும்போது அவளே சொன்னாள். நாலைந்து வருஷத்துக்கு முன் வேறொரு வீட்டில், என்னைப் போலவே ஆபரேஷன் ஆன ஒரு பெண். அடித்து ஊற்றுங்கள், சுகமாக இருக்கிறது, சூடு போதாது என்று அவளே கேட்டிருக்கிறாள். இவளும் ஊற்றியிருக்கிறாள். சாயங்காலம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் தழும்புக்குக் கீழே கையளவு கொப்புளம்.

"அவங்க வீட்டுல எல்லாரும் என்ன ஏசினாங்க. அது சாரமில்ல, ஏசட்டும். அந்தப் பெண்ணு, பாவம், எனக்குக் கொஞ்சமும் வலிக்கல சேச்சின்னு சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் மோளே எனக்குப் பேடி."

நாலு மாதம் அடுப்புப் பக்கமே போகவில்லையாம். புருஷன்தான் கஞ்சி வைத்திருக்கிறான். பிறகு வேறு வழியில்லாமல் திரும்பவும் இந்த வேலைக்கு வந்தவள்.

பயம் என்றால் வெந்நீரோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிடுவாள். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நேர்ந்துகொண்டால், தேங்காயைப் பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுத்துவிட்டு, தலையில் துவர்த்தைப் போட்டுக்கொண்டு எதிர்க்கடை வாசலில் போய் நின்றுகொள்வாளாம். சில்லு தெறித்துக் கண் போய்விடுமாம்.

"யாருக்குப் போச்சு?" என்று கேட்டேன்.

"ஆர்க்கும் போகல்ல. போகலாம்லா."

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு முறை, மகளோடு போயிருந்தபோது, சாலைக்கடையில் அவளைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தோம். என் மகள் தன் கிளாசை எடுக்குமுன் அக்காவின் கை குறுக்கே வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் அக்கா வந்த புதிதில் எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல்தான். ஏற்கெனவே பயந்து கிடக்கிறவளுக்குப் பயந்தாங்கொள்ளி ஒருத்தியைத் துணைக்கு வைத்தால் எப்படி இருக்கும்? அவள் வந்து போன பிறகு என் பயம் இரண்டு மடங்காகிவிடும். நானே டம்ளரை எடுத்து வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ஆனால் சிமிழோடு அவள் பக்கத்தில் உட்காரும் அந்தக் கால் மணி நேரம் மட்டும், இந்த வலி என் கற்பனை இல்லை என்கிற நிம்மதி இருக்கும்.

இரண்டாவது மாதம் முடியும்போது அது நடந்தது. கடையில் மூட்டை பிரித்தால் வீடே தும்மும். மிளகாய்க் கடைக்காரர் வீட்டில் அதெல்லாம் யாருக்கும் ஒரு பொருட்டில்லை. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களையிலிருந்து முற்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. தும்மிய வேகத்தில் இடது பக்கம் கரண்ட் அடித்து, கால் இரண்டும் துணி மாதிரி மடிந்துவிட்டன. நான் உட்கார்ந்த மாதிரி விழுந்தேன். பிள்ளை என் நெஞ்சு வழியாக வழுக்கி மடிக்கு வந்தாள். அவள் தலைக்கும் அம்மியின் முனைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

அவள் தூக்கம் கலையவில்லை. யாரும் பார்க்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவுமில்லை.

அன்றிலிருந்து நின்றுகொண்டு பிள்ளையைத் தூக்குவதை நிறுத்திவிட்டேன். படுத்துப் பால் கொடுப்பேன். உட்கார்ந்தால் மடியில் யாராவது வைக்கவேண்டும். பிள்ளை தொட்டிலில் அழும். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "அத்தே, பிள்ள அழுதா" என்று கூப்பிடுவேன். கை வலி, தலைசுற்றல் என்று நாளுக்கொரு காரணம். மாமியார் தெருவுக்கே கேட்கும்படி முணுமுணுத்தாள். என் கணவர் முணுமுணுக்கிற ஆள் இல்லை. ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தணிந்த குரலில், "உனக்குப் பிள்ள மேல ஆசை இல்லையா?" என்று கேட்டார். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆசை இருந்ததால்தான் தூக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீழே போடப் பார்த்தவள் என்று தெரிந்தால் பிள்ளையை என் பக்கத்திலேயே விடமாட்டார்கள் என்று பயந்தேன்.

நாற்பது நாள் கழிந்தும் அக்காவை நிறுத்தவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட ஆள் வேண்டுமே, நான்தான் தொடமாட்டேனே. தினமும் குளிப்பாட்டித் துவர்த்தில் சுற்றி என் முன்னால் நீட்டுவாள். "கட்டில்ல போடுங்கக்கா" என்பேன். போட்டுவிடுவாள். இப்படியே பல நாள் போனது. ஒரு நாள் போடவில்லை. நீட்டிய கையோடு நின்றாள். பிள்ளையின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"குளிருதுக்கா, கட்டில்ல போடுங்க."

அக்கா நகரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்குக்கா" என்றேன். சொன்ன உடனே எல்லாம் வந்துவிட்டது: தும்மல், அம்மி, ஒரு சாண், கத்தரி.

பயப்படாதே என்று அவள் சொல்லவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பேடிக்கணும் மோளே. பேடிக்காம பின்ன?" என்றாள்.

பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அவள் நேராகக் கடைக்குப் போனாள். அந்த வீட்டில் வேலைக்கு வருகிற பெண்கள் யாரும் கடை முகப்புக்குப் போனதில்லை. மூட்டைக்காரர்கள், வியாபாரிகள் எல்லாரும் பார்க்க என் கணவரின் முன்னால் போய் நின்று, அவள் சொன்னது ஒரே வாக்கியம். "முதலாளி, அந்த வலியில பிள்ள தாழ விழும்."

தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் உள்ளே வந்தார். எனக்கு அக்காவின் மேல் அப்படியொரு ஆத்திரம். காட்டிக்கொடுத்துவிட்டாளே, பிள்ளை போச்சே என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகவில்லை. "எங்க வலிக்கு, காட்டு" என்றார்.

யாரோ சொல்லி, வாரத்தில் ஒரு நாள் வலிக்கென்றே நோயாளிகளைப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் போனோம். அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்று காலை வயிற்றிலிருந்த கோட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். பாழாய்ப்போன கண்மை, நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தது. மேசையில் படுத்துத் துணியை விலக்கியபோது கூச்சத்தில் செத்துப்போனேன். டாக்டர் வயதான அம்மாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது ஆரு வரச்சது?"

திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். கதவுத் திரைக்குப் பின்னால் இருந்து குரல் மட்டும் வந்தது. "நான் சுடுவெள்ளம் ஊத்தல்ல டாக்டரே. மை மட்டுந்தான்."

வெளியே இழுத்துவந்தார்கள். முதல் வாரம் நாலு விரல், பிறகு மூன்றரை, இப்போது இரண்டு என்று சொன்னாள். "வட்டம் சின்னதாகுது டாக்டரே. பொட்டு மட்டும் மாறல்ல."

டாக்டர் என்னைத் தலையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். அந்தப் பொட்டின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றதாகப் பிறகு என் கணவர் சொன்னார்.

"உள்ள ஆரும் எதுவும் மறந்து வைக்கல்ல" என்றார் டாக்டர். கத்தரியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. என்னைப் போல் எத்தனை பேரைப் பார்த்தாரோ. "ஒரு நரம்பு, தையல் கூடின இடத்துல மாட்டிக்கிட்டு இருக்கு. வலி உள்ளதுதான். ஊசி போடலாம்."

அந்த இடத்திலேயே ஊசி. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டேன். ஊசி போய்ச் சேர்ந்த இடத்தில் தீ வைத்த மாதிரி எரிந்தது, பிறகு அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "இருமு" என்றார் டாக்டர்.

மூன்று மாதத்துக்கு மேலாக அடக்கி அடக்கி வைத்திருந்த இருமல், கேட்டால் வரவில்லை. மெதுவாக ஒரு தரம் இருமினேன். கரண்ட் வரவில்லை. இன்னொரு தரம் இருமினேன். போதும் போதும் என்று டாக்டர் சொல்லுகிறவரை பைத்தியம் மாதிரி இருமிக்கொண்டே இருந்தேன். திரும்ப வரலாம், மூன்று வாரத்தில் இன்னொரு ஊசி, சிலருக்கு அதற்கு மேலும் வேண்டியிருக்கும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். வரவும் செய்தது, பாதி பலத்தோடு. இரண்டாவது ஊசிக்குப் பிறகு, எப்போதாவது சுண்டி இழுக்கும், அவ்வளவுதான்.

தையல் வலி போனாலும் தூக்குகிற பயம் போகவில்லை. அதற்கு ஊசி இல்லை. இன்னும் சில நாள் தள்ளிப்போட்டேன். பிள்ளைக்கு ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் அக்கா துவர்த்தில் சுற்றி நீட்டியபோது, நின்றபடியே கையை நீட்டினேன்.

கொடுத்தாள். ஆனால் தன் கையை எடுக்கவில்லை. பிள்ளைக்குக் கீழே இரண்டு உள்ளங்கையையும் விரித்தபடி, அவள் பின்பக்கமாகவே நடந்தாள். நான் பிள்ளையோடு முன்னால் நடந்தேன். அறையிலிருந்து முற்றம் வரைக்கும் இப்படியே போனோம். என் கால் மடியவில்லை.

பிள்ளைக்குத்தான் பிடிக்கவில்லை. என் இடுப்பு அவளுக்குப் பழக்கமில்லாத இடம். முதுகை வளைத்து நெளிந்தாள். ஓவென்று அழுதுகொண்டு, இரண்டு கையையும் அக்காவை நோக்கி நீட்டினாள். அக்காவின் கை அங்கேதான் இருந்தது, ஒரு விரல் தூரத்தில். என் பிடி தானாகத் தளர்ந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வோரடியாகப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"பேடியாத்தான் இருக்கு" என்றாள்.

பிள்ளை அவளைப் பார்த்துப் பார்த்து வெகுநேரம் அழுதாள். பிறகு, வேறு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்ததும், ஈர முகத்தை என் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.